இறங்கிய கப்பற் கட்டணம்

பதுளைத் தோட்டத்து மக்களுக்குக் கப்பல் புதிதன்று; அவர்தம் முன்னோர் பலர் தலைமன்னாரிற் கரையேறியவர். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியபோது கட்டணம் 7,670 இந்திய ரூபாய். 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியபோது சாதாரண வகுப்புக்குச் சுமார் 5,000 ஆயிற்று.

முற்பதிவு செய்தபின் கட்டணம் இறங்கினால் என் செய்வது? உல்லாசக் கப்பல்களில், முழுத்தொகை செலுத்தும் தவணைக்கு முன் கேட்டால், வேறுபாட்டைக் கழித்துக்கொள்வதுண்டு. தவணை கடந்தபின் பணம் கிடைப்பது அரிது. எனினும் கப்பலிற் செலவிடத்தக்க வரவோ, மேலான அறையோ அளிப்பதுண்டு. இது உரிமையன்று, சலுகையே. கேளாதார்க்கு அதுவும் இல்லை.

ஆகவே, பயணச்சீட்டின் நிபந்தனைகளை முதலிற் படியுங்கள். சீட்டை மாற்றும் கட்டணம் மிச்சத்தை விழுங்குமா என்று கணக்கிடுங்கள். பின்னர்ப் பணிவாக எழுதிக் கேளுங்கள். கொழுந்து கிள்ளிச் சேர்த்த காசு அல்லவா!