வீணைக்கு எங்கே மைக் வைப்பது?

வீணையின் தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகக் குறைவு. மெல்லிய கம்பிக்குக் காற்றைத் தள்ளும் பரப்பு ஏது? அதன் அதிர்வு, தந்தியைத் தாங்கும் குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்கு இறங்கி, பலகைதான் காற்றை அசைக்கிறது. பலாமரத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் குடைந்தாலும் அந்த நாதம் ஒரு கூடத்தைத் தாண்டாது. தம் முதல் கிருதியைத் திருத்தணி மலையில் பாடியதாக மரபு சொல்லும் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) வீணை வித்வான்; அவர் காலத்தில் கேட்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று அதே மலையில், ஆடிக்கிருத்திகைக் காவடிக் கூட்டத்தின் அரோகராவுக்கு நடுவே வாசித்தால் முதல் வரிசைக்கே எட்டாது.

வீணையின் தனிக்குணம் பிறப்பது குதிரையில். அதன் மேல் பதித்த உலோகத் தகடு லேசாக வளைந்திருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகும். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே கணு (அசையாப் புள்ளி) கொண்ட மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய இயற்பியல் விதி. வீணையும் தம்புராவும் அந்த விதியை மீறுகின்றன என்றும், காரணம் குதிரையின் வளைவே என்றும் 1921இல் சி.வி. ராமன் எழுதினார்.

குடத்தின் முன் வைக்கும் சாதாரண மைக் இந்த நாதத்தை இயல்பாக வாங்கும். கூடவே மிருதங்கத்தையும் வாங்கும். ஒலிபெருக்கியின் சத்தம் அதில் திரும்ப நுழைந்தால் ஊளைதான். அதனால் மேடையில் பலர் காண்டாக்ட் மைக் என்னும் சிறு வில்லையை வாத்தியத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இந்த வில்லையின் அடிப்படை அதுதான். இது காற்றைக் கேட்பதில்லை, மரத்தைக் கேட்கிறது. ஆகவே மீட்டும் விரலின் 'டக்' ஓசை தூக்கலாகவும், குடத்தின் நிறைவு குறைந்தும் ஒலிக்கும். இந்த ஒலியைப் பற்றி ரசிகர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

வில்லைக்குப் பதில் மின்கிட்டாரின் காந்தப் பிக்கப்பை வைத்தால்? அது எஃகுக் கம்பிக்கு உரியது. வீணையின் சாரணி, பஞ்சமத் தந்திகள் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபுப்படி பித்தளை அல்லது வெண்கலம் என்றால் அவை மங்கிவிடும். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிட்டாரில் சிக்கல் இன்னும் பெரிது. நைலான் தந்தி காந்தத்துக்குச் சற்றும் அகப்படாது. கலைஞர் பலகையை விரலால் தட்டித் தாளமும் போடுவார், ஒவ்வொரு தட்டும் வில்லையில் இடியாக இறங்கும்.

வாத்தியத் தேர்விலும் ஓர் இழுபறி உண்டு. மெல்லிய பலகை மைக் இல்லாமல் நன்றாகப் பேசும், ஆனால் ஒலிபெருக்கியின் சத்தத்துக்கும் எளிதில் அதிர்ந்து ஊளையிடும். மேடைக்கென்றே வாங்குபவர் உரத்த ஒலியைவிட நாத நீட்சியைப் பார்ப்பது நல்லது.

நடைமுறையில் இரண்டையும் கலப்பதே சரிவருகிறது: குதிரைக்கு அருகில் ஒட்டிய வில்லையிலிருந்து பெரும்பங்கு, குடத்தின் முன்னுள்ள மைக்கிலிருந்து கொஞ்சம். வில்லையை நேராக மிக்சரில் செருகினால் கீழ்ச்சுரங்கள் முதலில் காணாமல் போகும். 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்மறிப்புள்ள ப்ரீஆம்ப் இடையில் வேண்டும். ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் ஈக்வலைசரில் குறைத்து, மானிட்டர் ஸ்பீக்கரைக் குடத்துக்கு நேராக வைக்காமல் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.