பாட்டும் பொருளும் - 9: இராகுகாலத்தில் கிளம்புகிறவர்கள்

சிவகாசியில் அடுத்த ஆண்டு, ஆடிப்பெருக்கு அன்றே பிறந்துவிடும். காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிடும் நாள் அது. நல்ல நேரம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று நாம் தினமும் கிழித்துப் பார்க்கும் தாள்களில் பெரும்பகுதி இந்த ஊரில்தான் அச்சாகிறது.

திங்கட்கிழமை இராகுகாலம் காலை 7.30 முதல் 9 வரை. சுற்றுப்பட்டிகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலைகளின் வேன்கள் ஓடுவதும் காலையில்தான். நேரம் பார்த்துக் கிளம்ப அந்த வேன்களில் போகும் பெண்களுக்கு வழியில்லை. இந்த வாரப் பதிகம் அவர்களுக்காகவே பிறந்தது போல எனக்குத் தோன்றும். திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் அது.

பாடிய இடம் திருமறைக்காடு, இன்றைய வேதாரண்யம். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். புறப்பட்ட சம்பந்தரை அப்பர் தடுத்தார். நீற்றறையில் அடைபட்டவர், நஞ்சூட்டப்பட்டவர் என்று பெரியபுராணம் சொல்லும் அப்பர், பட்ட அனுபவத்தில் பிள்ளையான சம்பந்தருக்காகப் பயந்தார். கோள்நிலையும் சரியில்லை என்றார். அதற்கு விடையாக வந்தவை 11 பாடல்கள். இரண்டாம் திருமுறையில் 85ஆவது பதிகம்.

ஒன்பது கோள்களையும் முதல் பாட்டிலேயே வரிசையாக நிறுத்துகிறார் சம்பந்தர். அடுத்து, பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள். பிறகு எமன், நெருப்பு, நோய், இடி, மின்னல், புலி, யானை. மனிதன் அஞ்சுவது எதையும் அவர் மறைக்கவில்லை. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டிலும் முதலில் சிவனின் கோலம் வருகிறது: நஞ்சுண்ட கழுத்து, கையில் வீணை, தலையில் பிறை. அவன் என் உள்ளத்துக்குள் வந்துவிட்டான், அதனால் இவையெல்லாம் நல்லவை என்பது பாட்டின் போக்கு. அந்த ‘அதனால்’தான் பதிகத்தின் அச்சாணி. வானத்தில் கோள் எதுவும் இடம்மாறவில்லை. மாறியது பாடுகிறவரின் உள்ளம். அந்த நன்மையையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அடியார் எல்லாருக்கும் என்று பகிர்ந்துவிடுகிறார்.

பாடினால் ஆபத்து அண்டாது என்று தாயத்துப் போல இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் கதையை மேலும் படிக்க வேண்டும். மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்கு அன்றிரவே தீ வைத்தார்கள். கோளறு பதிகம் பாடியவரைத் தேடியும் தீ வந்தது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலைக்கும் தீ வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களுக்குப் பக்தி குறைவு என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று வரையறுக்கும் விதி காக்க வேண்டிய உயிரை அந்த விதிதான் காக்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பாட்டின் தலையில் ஏற்றுவது பாட்டுக்கும் அநியாயம், உழைப்பவர்களுக்கும் அநியாயம்.

அப்படியானால் பாட்டு என்ன தருகிறது? தீ வைத்த இரவில் சம்பந்தர் பாடியதில் விடை இருக்கிறது. அந்தத் தீ, காவல் தவறிய பாண்டியனிடம் போகட்டும் என்றார். ஆனால் ‘பையவே’, மெல்லவே, போகட்டும் என்றார். அந்தச் சொல்லுக்குச் சேக்கிழார் அடுக்கும் காரணங்களில் முதலாவது, மங்கையர்க்கரசியாரின் மங்கல நாண். தன்னைச் சுட வந்த நெருப்பின் முன்னால் நின்றுகொண்டு, இன்னொரு வீட்டுப் பெண்ணின் தாலியை நினைக்க முடிகிறது. பயம் விலகிய உள்ளத்தில் இரக்கத்துக்கு இடம் கிடைக்கிறது. கோளறு பதிகத்தின் பொருளாக நான் கண்டது இதைத்தான்.

‘பைய’ என்ற அந்தச் சொல் சிவகாசிப் பக்கத்துப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் மகளிடம் தாய் சொல்வாள்: “பையப் போயிட்டு வா, தாயீ.”

(அடுத்த வாரம்: சுந்தரர் பாடிய திருச்சுழி)