தாயாகி வந்த துணை

சென்ற சித்திரையில் ஒரு வாழைத்தாருடன் திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் ஏறினேன். சுகப்பிரசவம் வேண்டி நேர்ந்துகொண்டோர் தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துவது அத்தலத்து வழக்கம். தாரை மருமகன் சுமந்தார். என் முழங்கால்கள் என்னைச் சுமந்ததே பெரிது.

தலவரலாற்றை வாசகர்கள் அறிவர். பேறுகாலத்தில் இருந்த இரத்தினாவதி தாயின் வரவுக்காகக் காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. சிவபெருமான் அத்தாயின் உருவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் வந்தவர் யார் என்பது விளங்கிற்று. சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் இந்நிகழ்வு இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம், வலியையே போக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அருகில் வந்து அமர்ந்தார் என்பதை நான் இதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவள் என் மகள்.

எங்கள் ஊர் பாரூர். ஏரிக்கரைத் தெருவில் என் தலைமுறையினர் பலரும் வீட்டில் பிறந்தவர்களே. தமிழில் மருத்துவச்சி, தெலுங்கில் மந்திரசானி, கன்னடத்தில் சூலகித்தி. எல்லைப் பகுதியாகையால் மூன்று சொற்களும் எங்களுக்குப் பழக்கம். மருத்துவமனைப் பிரசவம் வந்தபின் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன. அதை மறுப்பவன் நன்றி மறந்தவன். ஆனால் என் மகள் பிறந்தபோது, என் மாமியார் பிரசவ அறையின் மூடிய கதவுக்கு வெளியே இரவு முழுவதும் நின்றார். உள்ளிருந்து மகளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. வலியை மறந்துவிட்டதாகவும், அந்தத் தனிமையை மறக்க முடியவில்லை என்றும் என் மனைவி பல முறை கூறியதுண்டு.

அவள் இறைவனடி சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறாள். சம்பந்தியம்மாள் நோயுற்றவர். வளைகாப்புக்குத் தெருவே திரண்டு வந்து வளையல் அடுக்கியது. பிரசவ அறைக்கு உடன் வர ஒருவரும் இல்லை. "அப்பா, ஒரு டூலாவை ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்று மகள் கூறியபோது, ஏதோ கருவியின் பெயர் என்றே நினைத்தேன்.

பணிப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பேறுகாலத் துணைவி என்ற பொருளில் அதைப் பரப்பியவர் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1973-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இச்சொல்லைக் கையாண்டார்.

பெங்களூரிலிருந்து வந்த அப்பெண்மணி, தாம் செய்வதையும் செய்யாததையும் எழுதிய இரண்டு பக்கத் தாளை என்னிடம் நீட்டினார். கடன் பத்திரங்களைப் படித்தே காலம் கழித்தவன் ஆதலால், இரு முறை படித்தேன். உடற்பரிசோதனை இல்லை, மருந்து இல்லை, மருத்துவ முடிவுகளில் தலையீடும் இல்லை.

"அப்படியானால் பிரசவத்தை நீங்கள் பார்ப்பதில்லையா, அம்மா?" என்றேன்.

"அதை டாக்டரும் நர்ஸும் பார்ப்பார்கள், ஐயா. நான் உங்கள் மகளைப் பார்த்துக்கொள்வேன்" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பிறகு விசாரித்தேன். 1980-இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சிக்கலின்றிப் பெற்றவர்களுள், தனித்திருந்த தாய்மாருக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. முன்பின் அறியாத ஒரு பெண் உடனிருந்து தேற்றியவர்களுக்கு 8.8 மணி நேரமே. அத்துணைப் பெண்கள் பயிற்சி பெற்றவர்களும் அல்லர். பிற்காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் தொகுப்பும், துணையோடு இருப்பவர்களுக்கு இயல்பான பிரசவம் மிகுவதையும் அறுவை குறைவதையும் காட்டுகிறது. நம் தமிழ்நாடு அரசு 2004-ஆம் ஆண்டிலேயே, அரசு மருத்துவமனைகளில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க வழிசெய்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 2016-இல் மத்திய அரசும் அதை ஏற்றது. வசதியற்ற குடும்பங்கள் இந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும். பணம் கொடுத்துத்தான் துணை தேட வேண்டும் என்பதில்லை.

எல்லைக்கு அப்பால், பாவகடாவைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் காசு வாங்காமல் பார்த்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தார். அவர் மருத்துவச்சி, டூலா அல்லர். எனினும் பெண்ணுக்குப் பெண் துணை என்ற அந்தப் பழைய மரபு ஒன்றுதானே?

ஒரு நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தது. மருத்துவமனையின் அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததால், கதவு இம்முறை திறந்தது. பதினான்கு மணி நேரம் அப்பெண்மணி மகளை விட்டு அகலவில்லை. நடக்க வைத்தார், இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்தார், மூச்சை இழுத்து விடும் முறையைத் தாமும் உடன் செய்து காட்டினார், மருமகனுக்கு இடுப்பை எங்கே அழுத்த வேண்டும் என்று கற்பித்தார். இடையில் வலி மட்டுப்பட்டு, மருத்துவர் சொட்டு மருந்து ஏற்றலாம் என்றபோது அவர் குறுக்கே பேசவில்லை. "எதற்கு என்று டாக்டரிடமே கேள், அம்மா" என்று மட்டும் சொன்னார். மகள் கேட்டாள், மருத்துவர் விளக்கினார், அவள் சம்மதித்தாள். பேரன் பிறந்தான்.

மூன்றாம் நாள் மகள் காரணமின்றி அழுதுகொண்டே இருந்தாள். திருஷ்டி என்று கருதி எலுமிச்சம்பழம் வாங்கிவரப் புறப்பட்டேன். பாலூட்ட உதவுவதற்கு வந்திருந்த அப்பெண்மணி சிரிக்கவில்லை. "சுற்றிப் போடுங்கள், ஐயா. முதல் வாரத்தில் இது பலருக்கும் வருவதுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்" என்றார். அழுகை பத்து நாளில் அடங்கியது. அதுவரை நாளைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

பின்னொரு நாள் மகள் ஒன்று கூறினாள். வலியின் உச்சத்தில் தன்னை அறியாமல் "அம்மா" என்று அலறினாளாம். அப்பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேதான் இருக்கிறேன்" என்றாராம்.

சந்நிதியில் தாரைச் சமர்ப்பித்தோம். பிரசாதமாகத் திரும்பக் கிடைத்த பழங்களில் ஒரு சீப்பைத் தனியே எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன். அது பெங்களூருக்கு.