எல்லைக்கு இருபுறமும் மெல்லும் புகையிலை: அங்கத்தினர் அறிய வேண்டிய சட்டம்

பெங்களூர் நெடுஞ்சாலையில், அத்திப்பள்ளிக் கடைகளின் முகப்பில் பான் மசாலாவும் புகையிலைத் தூளும் தனித்தனிப் பொட்டலங்களாகச் சரம் சரமாய்த் தொங்குகின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்குவோரை அங்கே எவரும் ஏனென்று கேட்பதில்லை. அதே பொட்டலங்களை வண்டியில் ஏற்றிச் சில நிமிடப் பயணத்தில் ஜூஜூவாடியைக் கடந்து ஓசூருக்குள் கொணர்ந்தால், அவை கைப்பற்றப்படும் பொருளாகின்றன. கொணர்ந்தவர் வழக்கில் சிக்குகிறார். வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கிறது. ஒரே நாட்டில், ஒரே நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் கீழ், இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பது நம் அங்கத்தினர் பலருக்கும் விளங்காத புதிராக இருந்து வருகிறது.

இப்புதிர் நம் வட்டாரத்துக்கு வெறும் சட்ட வினோதமன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பட்டுக்கூடுகள் ராமநகரம் அங்காடிக்குச் செல்கின்றன. தக்காளியும் காய்கறியும் மலரும் இரவோடிரவாகப் பெங்களூருக்குச் செல்கின்றன. சரக்கை இறக்கிய வண்டி காலியாகத் திரும்புகிறது. காலி வண்டியில் “இரண்டு மூட்டை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், டீசல் செலவு கட்டிவிடும்” என்று சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கிறான். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. “இனி யார் பார்க்கப்போகிறார்கள்?” என்ற துணிவு அன்று முதல் சிலருக்குப் பிறந்துவிட்டது. வரி பார்ப்போர்தாம் போயினர். காவல்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் போகவில்லை.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். புகையிலை பற்றிய முதன்மையான மத்தியச் சட்டம் 2003-ஆம் ஆண்டினது. அது புகையிலை விற்பனையைத் தடை செய்யவில்லை, நெறிப்படுத்துகிறது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்கலாகாது, கல்வி நிலையத்திலிருந்து நூறு கெசத்துக்குள் விற்கலாகாது, விளம்பரம் செய்யலாகாது, பொட்டலத்தின் மீது எச்சரிக்கைப் படம் இருத்தல் வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அப்படம் பொட்டலத்தின் முன்னும் பின்னும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இச்சட்டம் ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் பொதுவானது. வேறுபாடு இதிலிருந்து பிறக்கவில்லை.

அது பிறந்த இடம் உணவுச் சட்டம். புகைப்பதை உணவென்று கூற இயலாது. ஆனால் வாயிலிட்டு மெல்லுவதை உணவென்று கருதலாம் அல்லவா? இவ்வெண்ணத்தில்தான் தமிழ்நாடு அரசு 2001 நவம்பரிலேயே, அன்றிருந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தைக் கொண்டு குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2004 ஆகஸ்டில், மராட்டிய மாநிலத்து ஆணையை முன்னிட்டு எழுந்த வழக்கில், மாநில அதிகாரிகளுக்கு அச்சட்டம் அத்தகைய தன்னதிகாரத்தை வழங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்துத் தடையும் அதனோடு வீழ்ந்தது.

பின்னர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கப்படலாகாது என்று ஒரே வரியில் கூறுகிறது. இவ்வரி நாடு முழுமைக்கும் உரியது. இதையொட்டியே 2013 மே இறுதியில் கர்நாடக அரசும் புகையிலை அல்லது நிகோடின் கலந்த குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. அப்படியாயின் அத்திப்பள்ளியில் தொங்குபவை யாவை? வணிகர் கண்ட வழி எளியது. பான் மசாலாவில் புகையிலையைக் கலக்காமல், மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் அடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டனர். வாங்குபவன் உள்ளங்கையில் இரண்டையும் கொட்டிக் கலந்துகொள்கிறான். கலந்த பொருளுக்குத்தான் தடை. கலவாத இரண்டுக்கும் தடையில்லை என்பது அவர்களது வாதம். இத்தந்திரம் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கும் வந்தது. 2016 செப்டம்பரில் அந்நீதிமன்றம் விதியை மெய்யாக நிறைவேற்றுமாறு மாநிலங்களைப் பணித்தது. எனினும் கடை வாசலில் சரங்கள் குறைந்தபாடில்லை.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பொது சுகாதாரத்தை முன்னிட்டு எந்த உணவுப் பொருளையும் ஓராண்டுக்கு மேற்படாத காலத்துக்குத் தடை செய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் வழங்குகிறது. அதன்படி 2013 மே 23 அன்று பிறந்த ஆணை, குட்கா, பான் மசாலா ஆகியவற்றையும், எப்பெயரால் விற்கப்படினும் புகையிலையோ நிகோடினோ அடங்கிய பிற உணவுப் பொருள்களையும் தயாரித்தல், சேமித்தல், கொண்டுசெல்லுதல், வினியோகித்தல், விற்றல் ஆகிய யாவற்றையும் தடுத்தது. தனிப் பொட்டலம் என்ற சாக்கு இங்கே செல்லாது. கொண்டுசெல்லுதல் என்ற சொல்லை வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் தன்னுடையதன்று, தான் வாடகைக்கு ஏற்றியவன் மட்டுமே என்பது தக்க விடையாகாது. மெல்லுதல் என்ற சொல் அவ்வாணையில் இல்லை என்பதும் உண்மையே. உண்பவனைப் பிடிப்பது அதன் நோக்கமன்று.

இத்தடையின் அடித்தளம் எத்தகையது என்பதையும் ஒளிக்காமல் கூறுவது நலம். ஓராண்டுக்கு என வழங்கப்பட்ட அதிகாரத்தை ஆண்டுதோறும் மே மாதத்தில் புதுப்பித்து வந்தனர். கூட்டுறவாளர்க்கு இது பழகிய காட்சி. குறுகிய காலக் கடனைத் தவணை வந்ததும் வசூலிக்காமல், புத்தகத்தில் மட்டும் அடைத்து அன்றே புதுக்கடனாக எழுதினால், பெயரளவில் குறுகிய காலக் கடனாக இருப்பது மெய்யாக நீண்ட காலக் கடனாகிவிடுகிறது. தணிக்கையாளர் அதை ஏற்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஜனவரியில் ஏறத்தாழ இதையே சொல்லிற்று. அவசர நிலைக்கென வழங்கப்பட்ட தற்காலிக அதிகாரத்தை அடுத்தடுத்துப் பயன்படுத்தி நிரந்தரத் தடையாக்க ஆணையருக்கு உரிமையில்லை என்று கூறி, 2018-ஆம் ஆண்டின் அறிவிக்கையை நீக்கியது. “தடை போயிற்று” என்று பலர் பட்டாசு கொளுத்தாத குறையாக மகிழ்ந்தனர். மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2023 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே ஆணை மீண்டும் புதுப்பிக்கப்பட்டது, 2024-இலும் அவ்வாறே. ஆகவே ஜனவரித் தீர்ப்பைப் பற்றிய பழைய பத்திரிகைத் துணுக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாதாடுவோர், அதன் பின் நிகழ்ந்ததைப் படிக்காதவர். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், சட்டமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றிவிடுவதே நேர்மையான வழி. ஆண்டுக்கொரு முறை அறுந்துபோகக்கூடிய கயிற்றில் இவ்வளவு பெரிய பாரத்தைத் தொங்கவிடுவது உகந்ததன்று. அது வரும்வரை, பண்டகசாலை நடத்தும் சங்கச் செயலாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே 23-ஐ நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, ஆணை எந்நிலையில் உள்ளது என விசாரித்து அறிதல் வேண்டும்.

பண்டகசாலை என்றதும் ஒன்று கூறியாக வேண்டும். எல்லையோரச் சங்கம் ஒன்றின் (பெயர் தேவையில்லை) இருப்புப் பதிவேட்டை ஆய்வு செய்தபோது, ‘இதரச் சரக்கு’ என்ற தலைப்பில் கொள்முதல் பட்டியல் இல்லாத வரவு மாதந்தோறும் பதிவாகியிருந்தது. மற்றப் பொருள்களில் காணாத லாபம் அதில் மட்டும் இருந்தது. கேட்டபோது விற்பனையாளர் மறைக்கவில்லை. “சார், தறிக்காரர்கள் காலையில் இதற்காகத்தான் கடைக்கு வருகிறார்கள். வந்தால் அரிசியும் பருப்பும் வாங்குகிறார்கள். நாம் வைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்” என்றார். அவர் கூறியதில் வணிகம் இருந்தது. எனக்கு அது விளங்காமலில்லை. ஆனால் தனியார் கடைக்காரர் சிக்கினால் நட்டம் அவருடையது. சங்கக் கடை சிக்கினால் நட்டம் பங்குதாரர் அனைவருடையது. உணவுப் பாதுகாப்புத் துறை அண்மை ஆண்டுகளில் கையாண்டு வரும் அளவின்படி, முதல் முறை 25,000 ரூபாய் தண்டமும் 15 நாள் கடையடைப்பும். இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும். மூன்றாம் முறை ஒரு லட்சமும் 90 நாளும். வழக்கு நடந்தால் சிறைக்கும் இடமுண்டு. இத்தண்டத்தைச் சங்க நிதியிலிருந்து கட்டினால் கதை முடிவதில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, சங்கத்துக்கு நட்டம் விளைவித்தவரிடமிருந்தே அதனை மீட்க வழி செய்கிறது. விற்பனையாளரும், தெரிந்தும் வாளாவிருந்த நிர்வாகிகளும் தண்டத்தீர்வைக்கு உள்ளாகலாம். மாதம் சில நூறு ரூபாய் லாபத்துக்காகத் தம் வீட்டைப் பணயம் வைக்கிறோம் என்பதை அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சரக்கு அன்றே அப்புறப்படுத்தப்பட்டது.

சிறுவர்க்கு விற்றால் விஷயம் இன்னும் கடுமையானது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவில், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தவருக்கு ஏழாண்டு வரையில் கடுங்காவலும் ஒரு லட்சம் வரையில் தண்டமும் விதிக்கலாம் என்கிறது. இது எல்லைக்கு இருபுறமும் செல்லும். உதட்டுக்குள் வைக்கும் ‘கூல் லிப்’ என்ற சிறு பை, பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியதைக் கண்டு, 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அதனை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவென ஏன் அறிவிக்கலாகாது என்று வினவியது. ஒரு மாநிலம் தடுத்து, அடுத்த மாநிலம் விடுத்தால் தடையின் பயன் எல்லையில் ஒழுகிவிடுகிறது என்பதை ஓசூர்க்காரருக்கு நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கர்நாடகம் எல்லாவற்றிலும் தளர்ந்தது என்று கருதிவிடவும் வேண்டாம். 2025 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற திருத்தத்தின்படி, அங்கே 21 வயது நிறையாதவருக்குச் சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களை விற்கலாகாது. பொது இடக் குற்றங்களுக்கான தண்டம் 200-லிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆக, இருபது வயது இளைஞனுக்கு ஓசூரில் விற்கக்கூடிய சிகரெட்டை அத்திப்பள்ளியில் விற்றால் குற்றம். அத்திப்பள்ளியில் விற்கும் பான் மசாலாவை ஓசூரில் விற்றால் குற்றம். மின் சிகரெட் ஒன்றில்தான் இருபுறமும் ஒரே நிலை. கர்நாடகம் 2016-இலும், தமிழ்நாடு 2018-இலும் தடுத்ததை 2019-இல் மத்தியச் சட்டமே தடுத்துவிட்டது.

விளைவிப்போர் தரப்பையும் மறத்தல் ஆகாது. புகையிலைப் பயிருக்கு நம் மாநிலத்தில் தடையில்லை. வேடசந்தூர்ப் பக்கமும் வேதாரண்யத்திலும் மெல்லும் புகையிலை தொன்றுதொட்டுப் பயிராகிறது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கலப்பில்லாத வெறும் இலை உணவாகுமா என்பது நீதிமன்றங்களில் நெடுநாள் வாதிக்கப்பட்ட கேள்வி. ஆதலின் “என்னிடம் இருப்பது வெறும் இலைதானே” என்று நம்பிச் சங்கக் கடையில் இருப்பு வைப்பது விவேகமன்று. எல்லைக்கு அப்பால் பாக்கு விவசாயிகளின் நிலையும் எண்ணத்தக்கது. 1973-இல் மங்களூரில் தோன்றிய ‘காம்ப்கோ’ நம்மைப்போன்ற கூட்டுறவே. பான் மசாலா வணிகம் சரிந்தால் பாக்கு விலையும் சரியும் என்ற அச்சம் அங்கே எளிதில் நீங்காது. கர்நாடகம் முழுத் தடைக்குத் தயங்குவதில் இதற்கும் பங்குண்டு என்பது என் ஊகம்.

நெசவாளர் ஏன் மெல்லுகின்றனர் என்பது எல்லோரும் அறிந்ததே. தறிக்குழியில் கையும் காலும் ஓயாது இயங்குகின்றன. பீடி பற்றவைத்தால் கை நிற்கும். பொறி விழுந்தால் பாவு கெடும். வாயில் அடக்கினால் வேலை நிற்பதில்லை. பசியும் சற்று மந்தப்படுகிறது. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.7 பேர் புகைக்கின்றனர். புகையற்ற புகையிலையைக் கையாளுவோர் 21.4 பேர், அதாவது இரு மடங்கு. புகை இல்லாததால் கேடும் இல்லை என்ற எண்ணம் தவறானது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையற்ற புகையிலையையும், பாக்கையுமே, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று முதல் வகுப்பில் சேர்த்துள்ளது. வாய் திறக்க இயலாமல் தாடை இறுகுவது பாக்கினாலேயே நேர்கிறது. புகையிலை கலவாத பான் மசாலாவும் அதற்குப் போதும்.

பட்டுப்புழு வளர்ப்போர்க்கு இதைச் சொல்லத் தேவையில்லை. புகையிலை வயலுக்கு அருகில் மல்பெரி நடலாகாது என்பது அவர்கள் முதற்பாடத்தில் கற்றது. இலையில் படியும் நிகோடின் சிறிதளவே ஆயினும் புழு அதைத் தின்று மடிகிறது. புகையிலை கசக்கிய கையோடு வளர்ப்பறைக்குள் நுழைபவரை வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நிறுத்திக் கை கழுவச் சொல்வர். முட்டைத்தொகுதியின் விலை அவர்களுக்குத் தெரியும்.

விட விரும்புவோர் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அவ்வெண் சட்டபூர்வமான புகையிலைப் பொட்டலங்களின் மீதே 2018 செப்டம்பர் முதல் அச்சிடப்படுகிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் நிகோடின் மெல்லுப்பசை இத்தடைக்கு உட்பட்டதன்று. மருந்து ‘உணவு’ ஆகாது என்று உணவுச் சட்டமே விலக்கு அளித்துள்ளது. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் அளவும் முறையும் கூறுவர்.