கையில் ஏற்றும் ஊசிக்குழாய் பாதியிலேயே பழுதாவது ஏன்?

மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெரும்பாலான நோயாளிகளுக்கு, மருந்து ஏற்றுவதற்காகக் கையில் உள்ள சிரைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று செலுத்தப்படுகிறது. தமிழகத்தில் பலர் 'வென்ஃப்ளான்' என்றும், வளைகுடாவில் 'கேனுலா' என்றும் அழைக்கும் இக்குழாய்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை, சிகிச்சை முடிவதற்கு முன்பே பயனற்றுப் போகின்றன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், குழாயைப் பிடித்து நிறுத்த நான்கு வகையான முறைகள் ஒப்பிடப்பட்டன. எந்த முறையிலும் பழுதாகும் விகிதம் 38 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

காரணங்கள் பல. குழாயின் முனை உரசுவதாலும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எரிச்சலாலும் சிரை வீங்குகிறது. மருந்து சிரைக்கு வெளியே கசிந்து கை பருக்கிறது. குழாய்க்குள் இரத்தம் உறைகிறது. மணிக்கட்டு, முழங்கை போன்று மடங்கும் இடங்களில் போடப்பட்ட குழாய் எளிதில் நகர்ந்துவிடுகிறது. முன்கையே அதற்கு ஏற்ற இடம்.

வளைகுடாவின் கோடை இச்சிக்கலைக் கூட்டுகிறது. ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை இருக்கிறது. ஆனாலும் வெப்ப அயர்ச்சி முற்றிலும் நீங்கிவிடவில்லை. உடலில் நீர் வற்றியவரின் சிரைகள் சுருங்கிக் கிடக்கும். அவசரத்தில் பலமுறை குத்தி, கிடைத்த இடத்தில் போடப்படும் குழாய் நீண்ட நேரம் தாங்குவதில்லை.

அடுத்தது மொழி. சிரையைத் தமிழர்கள் பேச்சுவழக்கில் 'நரம்பு' என்கிறார்கள். 'நரம்பு வலிக்கிறது' என்றால் கேரளச் செவிலியருக்கு உடனே புரியும், மலையாளத்திலும் அதே வழக்குதான். ஆனால் அது ஆங்கிலமாகி பிலிப்பைன்ஸ் செவிலியரை எட்டும்போது, வேறு நோயாகத் தோன்றக்கூடும். வலிதான் பெரும்பாலும் முதல் அறிகுறி என்பதால், இது சிறிய விஷயமல்ல.

முன்பு மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை குழாயை மாற்றுவது வழக்கமாக இருந்தது. 3,283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், அவ்வாறு மாற்றியவர்களிடமும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிடமும் சிரை அழற்சி ஒரே அளவில், அதாவது 7 சதவீதமாகவே இருந்தது. எனவே தேவைப்படும்போது மாற்றினால் போதும் என்ற கருத்து பரவியது. அதற்குக் குழாய் போட்ட இடத்தை ஒவ்வொரு நாளும் யாராவது பார்த்தாக வேண்டும். ஆனால் 51 நாடுகளில் சுமார் 40,000 குழாய்களைப் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றின் மேல் ஒட்டிய கட்டு சரியாக இல்லாததையும், கணிசமான குழாய்கள் எந்த மருந்தும் ஏற்றப்படாமலேயே கையில் விடப்பட்டிருந்ததையும் கண்டது.