பழைய இத்தாலிய வண்டி: வாங்குதலும் பேணுதலும்

மோட்டார் வண்டி வாங்குவோர் இரு திறத்தினர். தேவை கருதி வாங்குவோர் ஒரு சாரார். ஆசை கருதி வாங்குவோர் மற்றொரு சாரார். முன்னவர் பிறரிடம் ஆலோசனை கேட்டே வாங்குவர். பின்னவரோ வாங்கிய பின்னரே ஆலோசனை கேட்பர். ஆசை கருதியும் வாங்குமுன் கேட்ட ஒருவரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, பழைய இத்தாலிய வண்டியொன்றை வாங்குவதிலும் பேணுவதிலும் அடங்கியுள்ள விடயங்களை ஈண்டு எடுத்துக்கூற விழைகின்றேன்.

என்னுடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் நாற்பதாண்டுகள் இங்கிலாந்திற் கணக்காளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடனைத் தீர்த்து, ஊரிலுள்ள உடன்பிறந்தோர்க்கும் உதவி, தமக்கென ஒன்றும் வாங்காது வாழ்ந்தவர் அவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை ஆசைக்கென ஒதுக்கி, மசராட்டி குவாட்ரோபோர்ட்டே என்னும் வண்டியொன்றை வாங்க எண்ணினார். நான் எந்திரவியல் கற்றவனாதலின் உடன்வந்து பார்க்குமாறு அழைத்தார். அத்தொகை மிகப் பெரிதன்று. ஆயினும் அது வீணாய்ப் போனால் மீண்டும் உழைத்துத் தேடும் வயது அவர்க்கில்லை. ஆகவே பொறுப்புணர்ந்தே சென்றேன்.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். மசராட்டி நிறுவனம் 1914ஆம் ஆண்டு பொலோஞா நகரிற் சகோதரர் சிலரால் தொடங்கப்பெற்றது. அந்நகரின் நடுவே நிற்கும் நெப்தியூன் என்னும் கடல் தெய்வத்தின் சிலை ஏந்திய மூவிலைவேலே நிறுவனத்தின் சின்னமாயிற்று. 1937இல் அது ஓர்சி குடும்பத்தாரின் கைக்கு மாறிப் பின்னர் மொடேனா நகருக்குப் பெயர்ந்தது. 1957இல் பாஞ்சியோ என்னும் புகழ்பெற்ற சாரதி உலக ஓட்டப்போட்டியில் வெற்றிவாகை சூடியது இந்நிறுவனத்தின் வண்டியிலேயே. ஓட்டப்போட்டி வண்டியின் வேகத்தையும் குடும்ப வண்டியின் வசதியையும் ஒருங்கே தரும் நோக்குடன், 1963இல் தூரின் கண்காட்சியில் முதலாவது குவாட்ரோபோர்ட்டே காட்டப்பட்டது. அச்சொல்லுக்கு இத்தாலிய மொழியில் நான்கு கதவுகள் என்பதே பொருள்.

நண்பர் விரும்பியது அப்பெயரில் வந்த ஐந்தாம் தலைமுறை வண்டி. 2003இல் வெளிப்படுத்தப்பட்டு 2012 வரை செய்யப்பட்டது. அதன் உருவை வகுத்தவர் பினின்பரீனா நிறுவனத்தார். நீளம் ஐந்து மீற்றருக்குச் சற்று மேல். நிறை ஏறக்குறைய 2 தொன். எட்டு உருளைகளும் 4.2 லீற்றர் கொள்ளளவும் உடைய அதன் எந்திரம் பெராரி நிறுவனத்தாரால் மரனெல்லோவிற் செய்யப்பட்டது. 400 குதிரைவலுவைத் தருவது. 2008இல் 4.7 லீற்றர் எந்திரமும் சேர்ந்தது.

இங்கிலாந்திற் புதிதாய் விற்ற காலத்தில் இதன் விலை ஏறக்குறைய 70,000 பவுண். இன்று அதில் ஐந்திலொரு பங்குக்கும், சில வேளைகளில் அதனினுங் குறைந்த விலைக்கும் விற்பனைக்கு வருவதுண்டு. சாதாரணமான புதிய சிறு வண்டியின் விலைக்குள் இத்தகைய வண்டி கிடைக்குமெனில் யார்க்குத்தான் மனம் சலியாது? ஆனால் வீழ்ந்தது வண்டியின் விலை மாத்திரமே. உதிரிப்பாகங்களின் விலையோ, அவற்றைப் பூட்டத் தெரிந்தவர்களின் கூலியோ வீழவில்லை. யானை மெலிந்தால் அதன் விலை குறையலாம். அதற்கிடும் தீனி குறையாது. இவ்வோருண்மையை மறந்தமையாற் கெட்டவர் பலர். பழைய வண்டி மலிவாக இருப்பதற்குக் காரணமே, முன்னையவர் அதன் செலவைத் தாங்காது கைவிட்டமையாக இருத்தல் கூடும்.

இனி, வாங்குவோர் நோக்கவேண்டியவற்றுள் முதலாவது கியர்ப்பெட்டி. 2007இற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில் அமைந்தது ஒரு தனி வகை. அதிற் கிளச்சு உண்டு. கிளச்சை மிதிக்கும் மிதி இல்லை. சாரதியின் இடக்கால் செய்யும் வேலையைக் கணினியின் கட்டளைப்படி எண்ணெயமுக்கம் செய்கின்றது. கியர்ப்பெட்டி முன்னே எந்திரத்தோடு இராமற் பின்னச்சோடு இணைந்திருக்கின்றது. அதனால் வண்டியின் பாரம் பாதிக்கு மேற் பின்சில்லுகளில் தங்கி, வளைவுகளில் வண்டி செவ்வனே நிற்கின்றது. திறந்த நெடுஞ்சாலையில் இவ்வமைப்பு இனிது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், ஏற்றத்திற் பின்னோக்கிச் செலுத்தும்போதுமோ கிளச்சு அரைகுறையாய்ப் பற்றி உராய்ந்து தேய்கின்றது. நகரத்துள்ளே ஓடிய வண்டியில் அது விரைவில் மாளும். நெடுந்தூரம் ஓடிய வண்டியில் நெடுங்காலம் நிற்கும். ஆகவே ஓடிய தூரத்தைப் பார்க்கினும் ஓடிய இடத்தை வினாவுதல் நன்று. கிளச்சு எவ்வளவு தேய்ந்தது என்பதை வண்டியின் கணினியோடு கருவியொன்றை இணைத்து அறியலாம். அவ்வளவை எழுத்திற் பெறாமல் இவ்வகை வண்டியை வாங்குதல் தகாது.

2007இல் முற்றிலுந் தானியங்கும் ஆறு கியர்ப்பெட்டி வந்தது. ஜெர்மானிய நிறுவனமொன்று செய்த இப்பெட்டி எந்திரத்தின் பின்னே அமைந்தது. எண்ணெயின் ஊடாக விசையைக் கடத்துவதாதலின் முன்னையதைப்போல் உராய்ந்து தேயும் கிளச்சு இதில் இல்லை. வேகத்தில் ஒரு சிறிது குறைவெனினும் நாட்பாவனைக்கு இதுவே உகந்தது. வாங்கும் விலையில் இது கூடியதாயினும் வைத்திருக்கும் செலவிற் குறைந்தது.

இரண்டாவது எந்திரம். இதன் மேற்றண்டுகளைச் சுழற்றுவது பட்டியன்று, சங்கிலி; குறித்த காலத்திற் பட்டி மாற்றும் பெருஞ்செலவு இதற்கில்லை. ஆயினும் முற்காலத்து எந்திரங்கள் சிலவற்றில், வால்வுகள் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் உறுப்புப் பழுதடைவதுண்டு. ஆறிய எந்திரத்தை முடுக்கும்போது கடகடவென்னும் ஒலி எழுந்து நீடிக்குமாயின் ஐயுறுதல் வேண்டும். சூடேறிய எந்திரம் இவ்வொலியை மறைத்துவிடக் கூடும். ஆதலால் விற்பவர் எந்திரத்தை முன்னரே ஓடவிட்டிருந்தால், அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது மற்றொரு நாள் வரவேண்டும்.

மூன்றாவது வண்டியின் அடிப்புறம். இவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில், வீதிக்கேற்பத் தம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் அதிர்வுதாங்கிகள் உண்டு, விலை மிகுந்தவை. முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளும் இறப்பர்ப் பொருத்துகளும் இரண்டு தொன் நிறையைச் சுமந்து தேய்வன. முன் ரயரும் பின் ரயரும் ஒரே அளவினவல்ல. ஆதலின் அவற்றை மாற்றிப் பூட்டி ஆயுளை நீட்டிக்க இயலாது. உள்ளே சிறந்த தோலும் மரமும் கண்ணைக் கவரும். ஆனால் காலஞ்செல்ல அழுத்து பொத்தான்களின் மேற்பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். வெயிலில் நின்ற வண்டியில் முன்தட்டின் தோல் சுருங்கும். இவை ஓட்டத்தைத் தடுக்காவெனினும் முன்னையவர் வண்டியை எவ்வாறு பேணினார் என்பதைச் சொல்லிவிடும்.

யாவற்றினும் மேலானது ஏடு. நம் முன்னோர் உழவுமாடு வாங்கும்போது பல்லையும் சுழியையும் பார்த்தனர். பழைய வண்டிக்குப் பல்லும் சுழியும் அதன் பற்றுச்சீட்டுகளே. இங்கிலாந்தில் மூன்றாண்டு கடந்த ஒவ்வொரு வண்டியும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் பரிசோதனைக்குட்பட வேண்டும். 2005 முதலான பெறுபேறுகளை, ஓடிய தூரத்தோடும் பரிசோதகரின் எச்சரிக்கைகளோடும், வண்டியின் இலக்கத்தைக் கொண்டு அரசாங்கத்தின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாய்ப் பார்க்கலாம். வீதி வரியும் ஆராயத்தக்கது. 2006 மார்ச் 23ஆம் திகதிக்கு முன் பதியப்பட்ட வண்டிக்கு, பின்னர் பதியப்பட்ட அதே வண்டியினும் வரி குறைவு. இலண்டனில் வாழ்வோர், 2023 ஆகஸ்ட் முதல் மாநகர் முழுவதும் நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு விதிக்கு வண்டி அமைந்துள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும்.

நாங்கள் முதலிற் பார்த்தது கரிய நிறமுடைய 2005ஆம் ஆண்டு வண்டி. அழகில் ஒரு குறையுமில்லை. விலையோ எதிர்பார்த்ததினும் தாழ்ந்தது. நண்பர் இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தியபோதே அவர் மனம் வண்டியோடு போய்விட்டதைக் கண்டேன். நான் எந்திரத்தின் மேற் கைவைத்துப் பார்த்தேன், சூடாயிருந்தது. பராமரிப்பு ஏட்டில் நான்காண்டுகள் வெறுமையாயிருந்தன. ரயர்கள் தேய்ந்தன என்னும் ஒரே எச்சரிக்கை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதிவாகியிருந்தது. கிளச்சின் தேய்வை அளந்து தருமாறு கேட்டோம், விற்பவர் உடன்படவில்லை. நான் வேண்டாமென்றேன். வீடு திரும்பும்வரை நண்பர் என்னோடு பேசவில்லை.

எட்டு மாதங்களின் பின் அவரே அழைத்தார். இம்முறை 2008ஆம் ஆண்டின் தானியங்கி வண்டி. முன்னையதினும் 4,000 பவுண் கூடியது. உரிமையாளர் ஒரு முதியவர். வாங்கிய நாள் முதலான பற்றுச்சீட்டுகள் யாவற்றையும் திகதி வாரியாகக் கோவையொன்றில் அடுக்கி வைத்திருந்தார். கணக்காளரான நண்பர், வண்டியைப் பார்க்குமுன் அக்கோவையைப் பார்த்தார். அரைமணி நேரம் ஒன்றும் பேசாது பக்கம் பக்கமாய்ப் புரட்டினார். பின்னர் எந்திரம் ஆறியிருந்ததையும், முடுக்கியபோது ஒலி சீராயிருந்ததையும் நான் கண்டேன். இவ்வகை வண்டிகளைத் தெரிந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு உயர்த்திப் பார்த்த பின்னரே விலை பேசினோம்.

வாங்குமுன் நான் ஒரு நிபந்தனை விதித்தேன். கைவசமுள்ள தொகை முழுவதையும் வண்டிக்குக் கொடுத்தலாகாது. வண்டியின் விலையில் மூன்றிலொரு பங்கைத் தனிக்கணக்கில் இடவேண்டும். அதைத் தொட வண்டிக்கு மாத்திரமே உரிமையுண்டு. நண்பர் உடன்பட்டார். முதலாண்டில் நான்கு ரயர்களும், பிறேக்குத் தட்டுகளும், முன்புறப் பொருத்துகளும் புதுப்பிக்கப்பட்டன. ஒதுக்கிய பணத்திற் பாதிக்கு மேல் அவற்றோடு போயிற்று. அப்பணம் இல்லாதிருந்தால், எத்தனையோ வண்டிகளைப்போல் இதுவும் ஓரமாய் நின்று, பின் மலிவாய் விலைப்பட்டிருக்கும்.

பேணுதலின் விதிகள் சில. எண்ணெயை ஆண்டுக்கொருமுறை, தூரம் குறைவாயினும், மாற்றுதல் வேண்டும். எந்திரம் சூடேறும்வரை வேகத்தை நாடலாகாது. பல நாள் நிறுத்துவதாயின், பற்றரியின் வலு வடிந்து போகாதவாறு சிறு மின்னேற்றியை இணைத்து வைத்தல் நன்று; பற்றரி தளர்ந்தால் இவ்வண்டியின் கணினிகள் இல்லாத பழுதுகளையெல்லாம் அறிவிக்கும். நிறுத்தி வைப்பதினும் கிழமைக்கொருமுறை நெடுந்தூரம் ஓட்டுதல் சிறந்தது. பெற்றோல் 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 லீற்றர் செல்லும். இதற்கு மாற்று மருந்தில்லை.

நண்பரின் வண்டி இன்று நான்காம் ஆண்டில் ஓடுகின்றது. ஞாயிறுதோறும் தம் மனைவியாரை ஏற்றிக் கடற்கரைவரை சென்று திரும்புகின்றார். ஒவ்வொரு செலவையும் தனிக் குறிப்பேட்டில் எழுதி, மாதமுடிவிற் கூட்டுகின்றார். அக்கூட்டுத்தொகையை முதன்முறை கண்டபோது மனைவியார், இத்தொகைக்கு ஊரில் ஒரு வளவு வாங்கியிருக்கலாமே என்றாராம். நண்பர் மறுமொழி சொல்லாது அவர் ஏறுவதற்குக் கதவைத் திறந்துவிட்டாராம்.

ஆசை பிழையன்று. உழைத்து ஓய்ந்தவன் தன் மனத்துக்கினியதொன்றை நாடுதலிற் குற்றமில்லை. ஆனால் ஆசைக்கு இருமுறை விலை கொடுக்க வேண்டும்: வாங்கும்போது ஒருமுறை, வைத்திருக்கும்போது ஒருமுறை. முதல் விலையை விற்பவர் சொல்வார். இரண்டாம் விலையை நாமே கணக்கிட்டறிதல் வேண்டும். அதனைக் கணக்கிட்ட பின்னும் ஆசை நிற்குமாயின், தயங்காது வாங்கலாம்.