ஒரு நிமிடச் சோதனை: தாய்மார்கள் தயங்குவது ஏன்?

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்களில் பொழுது விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். கூடையை நிரப்பிக் கணவனை அனுப்ப வேண்டும். பிறகு குழாயடி, பிள்ளைகளின் சாப்பாடு, நாலு வீட்டுப் பாத்திரம். இதற்கு நடுவே "உடம்பைக் காட்டிவிட்டு வா" என்றால் எந்தப் பெண் போவாள்?

இந்தத் தயக்கத்தில்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய் வளர்கிறது. ஆரம்பத்தில் வலி இராது. கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். உதிரப்போக்கு கண்டு ஓடும்போது பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

தடை என்ன?

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பது முதல் தடை. அடுத்தது வெட்கம். ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்ற பயம். வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் பேப்பருக்கே வரிசை. அன்றைய கூலி போய்விடும். இந்தியும் மராத்தியும் பேச வராதவர்களுக்கு இன்னும் சிரமம்.

மும்பை காட்டிய வழி

1998-ல் பரேல் டாடா நினைவு மருத்துவமனை, மும்பை குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் 75,360 பேர் சோதனைப் பிரிவில் இருந்தனர். பத்தாவது வரை படித்த பெண்களுக்கே பயிற்சி அளித்தார்கள். சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். முகாமும் வீட்டுக்கு அருகிலேயே நடந்தது.

சோதனை எளிது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவுவார்கள். கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். முடிவு அப்போதே கிடைக்கும். வெளுத்தாலே புற்று என்று அர்த்தமில்லை. மேல்சோதனை தேவை என்றுதான் பொருள். புற்றாக மாறும் முன் கண்டால், பெரும்பாலும் கருப்பையை எடுக்காமலே குணப்படுத்தலாம்.

அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 89 பேர் வந்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, சோதனை செய்யப்படாத பிரிவைவிட இந்நோயால் ஏற்பட்ட சாவு 31 சதவீதம் குறைந்தது.

கணவர்கள் கவனிக்க

மனைவிக்கு வயது 30 ஆகிவிட்டதா? 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இச்சோதனை செய்ய வேண்டும் என்பது மத்திய அரசு 2016-ல் வகுத்த நெறிமுறை. "போய்ப் பார்த்துவிட்டு வா, பிள்ளைகளை நான் கவனிக்கிறேன்" என்று கணவர் சொன்னால் பாதித் தடை நீங்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் துணைக்கு வந்தால் மீதியும் நீங்கிவிடும்.